புழுதியிற் பிறந்த பாடல்கள்

1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள் கிறித்தவர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. ஐக்கிய அமெரிக்காவின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பெருஞ் சமவெளியில் அன்று காலை வானம் நன்கு வெளுத்திருந்தது. பல வாரங்களாகப் புழுதிக்கு அஞ்சி அடைத்து வைத்திருந்த சாளரங்களைத் திறந்து, பெண்கள் துணி தோய்த்து உலர்த்தினர். சிலர் கோயிலுக்குச் சென்றனர். வேறு சிலர் குடும்பத்தோடு உலாவப் புறப்பட்டனர். பிற்பகலிலே வடதிசையிற் கரிய மலையொன்று நிலத்தோடு நிலமாக உருண்டு வருவது போன்ற காட்சி தோன்றிற்று. அதற்கு முன்னே பறவைகள் கூட்டங் கூட்டமாகத் தெற்கு நோக்கிப் பறந்தன. வந்தது மழை மேகமன்று. காற்று வாரியெடுத்த வயல் மண். சிறிது நேரத்தில் முகத்துக்கு எதிரே நீட்டிய கை தெரியாதபடி இருள் மூடிற்று. அந்த நாளை அந்நாட்டவர் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் குறிப்பிடுகின்றனர்.

ரெக்சாஸ் மாநிலத்தின் வடமுனையிலே பம்பா என்றொரு சிற்றூர். எண்ணெய்க் கிணறுகளை நம்பி வளர்ந்த ஊர் அது. அங்கே ஓர் அறையில் அயலவர் பலர் கூடியிருந்தனர். வேதாகமத்தை நன்கு கற்றவர்கள், உலகத்தின் முடிவு இதுவே என்றனர். அவர்களிடையே இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் இருந்தான். பெயர்ப்பலகை எழுதுவதும் கிற்றார் வாசிப்பதும் அவன் அறிந்த தொழில்கள். அறையின் நடுவே தொங்கிய மின்குமிழ், புகைத்துக்கொண்டிருக்கும் சிகரெட்டின் முனையளவே ஒளி தந்தது என்று அவன் ஐந்து ஆண்டுகளின் பின்னர் கூறினான். பிறர் ஒருவருக்கொருவர் விடைபெற்றுக்கொண்டதைக் கேட்ட அவன், அதனையே ஒரு பாட்டாக்கினான். உலகம் முடியவில்லை. பாட்டு நிலைத்தது.

அந்த இளைஞர் வூடி கத்ரி. 1940ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாக வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுப்பு, 'டஸ்ட் போல் பலட்ஸ்' என்பது. புழுதிக் கிண்ணத்துக் கதைப்பாடல்கள் என்று அதனைத் தமிழாக்கலாம். 'புழுதிக் கிண்ணம்' என்னும் தொடர், கறுப்பு ஞாயிற்றின் மறுநாட் செய்தியிலே பத்திரிகையாளர் ஒருவர் வழங்கிய பெயர். அது அந்நிலப்பகுதிக்கே பெயராகி நின்றுவிட்டது.

பாடல்களைக் கேட்கு முன் அந்த மண்ணைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கன்சாஸின் மேற்கு, கொலராடோவின் கிழக்கு, ஒக்லஹோமா, ரெக்சாஸ் மாநிலங்களின் வடமேற்கு முனைகள், நியூ மெக்சிக்கோவின் ஒரு மூலை ஆகியன சேர்ந்த நிலம் அது. மழை குறைவு, காற்றோ ஓய்வதில்லை. எருமைப்புல் போன்ற குட்டைப் புல்வகைகள் அங்கே அடர்ந்து வளர்ந்து, ஆழ வேரோடி மண்ணை இறுகப் பிடித்திருந்தன. அப்புல்லை மேய்ந்த காட்டெருமைகளையும், அவற்றை வேட்டையாடி வாழ்ந்த ஆதிக்குடிகளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அகற்றிவிட்டு, அரசாங்கம் குடியேற்றக்காரருக்கு நிலத்தைப் பங்கிட்டது. ஏரை ஓட்டினால் மழை தானே பின்தொடர்ந்து வரும் என்றொரு நம்பிக்கை அக்காலத்திற் பரவியிருந்தது. நிலம் விற்போர் அதனை ஊக்கத்தோடு பரப்பினர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. முதல் உலகப் போரின்போது கோதுமையின் விலை ஒரு புசலுக்கு இரண்டு டொலர் அளவில் நின்றது. உழவு இயந்திரங்களும் வந்தன. இலட்சக்கணக்கான ஏக்கர் புல்வெளி புரட்டப்பட்டது. பின்னர் விலை வீழ்ந்தது. 1931ஆம் ஆண்டு தொடக்கம் மழையும் பொய்த்தது. புல்லும் இல்லை, பயிரும் இல்லை. பிடித்து வைக்க வேரில்லாத மண்ணைக் காற்று கொண்டுபோயிற்று.

வீடுகளிலே ஈரத்துணிகளைச் சாளரங்களிற் கட்டினர். உணவு பரிமாறும்வரை கோப்பைகளையும் தட்டுகளையும் கவிழ்த்தே வைத்தனர். புழுதி நுரையீரலில் அடைந்து சளிச்சுரமாகி, குழந்தைகளும் முதியோரும் இறந்தனர். 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதிப் புயலொன்று நியூயோர்க் நகரத்தையும் தாண்டி, அத்திலாந்திக் கடலிற் சென்ற கப்பல்களின் மேற்றளத்திலும் மண்ணைக் கொட்டிற்று. இயற்கையின் சீற்றம் என்று இதனைச் சொல்லிவிட்டு நகர்தல் எளிது. ஆனால் வறட்சி முன்னரும் அந்நிலத்துக்கு வந்ததுண்டு. புல் இருந்தவரை மண் பறந்ததில்லை. இந்த உண்மை கத்ரியின் பாடல்களில் வெளிப்படையாக எங்கும் பேசப்படவில்லை. அவர் மண்ணியல் அறிஞரல்லர். புழுதியால் யார் வீடிழந்தார், அவ்வீட்டை யார் எடுத்துக்கொண்டார் என்பதே அவர் கேட்ட கேள்வி.

கத்ரி 1912ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒக்கீமா என்னும் ஊரிற் பிறந்தார். அப்பொழுது சனாதிபதித் தேர்தலுக்கு நின்ற வூட்ரோ வில்சனின் பெயரையே தந்தையார் மகனுக்கு இட்டார். தந்தையார் நில வியாபாரி, அரசியலிலும் ஈடுபட்டவர். தாயார் நோராவோ பழம்பாடல்களின் களஞ்சியம். ஸ்கொத்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறியோர் வாய்மொழியாகக் கொண்டுவந்த நெடுங்கதைப் பாடல்களை அவர் பிள்ளைகளுக்குப் பாடினார். கொலையுண்ட காதலர், மூழ்கிய கப்பல்கள், தூக்கிலிடப்பட்ட கள்வர் ஆகியோரின் கதைகள் அவை. அக்குடும்பத்தைத் துயரம் விடாது தொடர்ந்தது. மூத்த மகள் தீயில் வெந்து இறந்தாள். தாயாரின் நடத்தை மெல்ல மெல்ல மாறிற்று. கைகால்கள் தம் வசமிழந்தன. ஊரார் பைத்தியம் என்றனர். அவரை மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினர். அது ஹண்டிங்ரன் நோய் என்னும் பரம்பரை நோய் என்பதைப் பின்னரே உணர்ந்தனர். தாயின் பாடல்களைப் பெற்ற மகன் அந்நோயையும் பெற்றிருந்தார். ஆனால் அப்பொழுது அதனை அவர் அறியார்.

பம்பாவில் அவருக்குக் கிற்றார் கற்பித்தவர் அவருடைய சிறிய தந்தையார் ஒருவர். நடனக் கூட்டங்களிற் பாடினார், படம் வரைந்தார், அங்கிருந்த நூல் நிலையத்தில் அகப்பட்ட நூலையெல்லாம் படித்தார். திருமணமும் செய்தார். பின்பு, புழுதியும் வறுமையும் நெருக்கப் பலரும் சென்ற பாதையிலே தாமும் மேற்கே கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். சரக்குப் புகையிரதத்தில் ஒளிந்தும், வழிச் செல்லும் மோட்டார் வண்டிகளை மறித்தும் சென்ற பயணம் அது.

வானொலி நேயர்களுக்குச் சுவை தரும் செய்தியொன்று இங்கே உண்டு. கத்ரியின் புகழ் முதலில் இசைத்தட்டால் வந்ததன்று, வானொலியால் வந்தது. 1937ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்த கே.எப்.வி.டி. என்னும் நிலையத்திலே அவர் பாடத் தொடங்கினார். 'லெஃப்டி லூ' என்னும் பெயரில் மக்சீன் கிரிஸ்மன் என்ற பெண்மணி உடன் பாடினார். ஊரிலே பாட்டிமார் பாடிய பழம்பாடல்களையே அவர்கள் பாடினார்கள். இடையிடையே கத்ரி நாட்டுப்புறத்தான் பேச்சில் ஏதோ வேடிக்கை சொல்லுவார். பழத்தோட்டங்களுக்கு அருகே கூடாரமிட்டுக் கிடந்த குடிபெயர்ந்தோருக்குத் தம் ஊரே வானில் வந்தது போலிருந்தது. கடிதங்கள் வந்து குவிந்தன. தம் குரல் யாரைச் சேர்கிறது என்பதைக் கத்ரி அங்கேதான் அறிந்தார். அக்கூடாரங்களுக்கு நேரிலும் சென்று பாடினார். பழம் பறிப்போருக்குக் கொடுக்கப்பட்ட கூலியையும், கூலி கேட்டோர் மீது விழுந்த அடியையும் கண்ட பின்னர், பழம்பாடல்கள் மட்டும் போதா என்று அவருக்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

1940ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் நியூயோர்க் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டிலே ஜோன் ஸ்ரைன்பெக்கின் 'கோபத்தின் திராட்சைகள்' என்னும் நாவல் வெளிவந்து நாட்டையே உலுக்கியிருந்தது. மார்ச் 3ஆம் நாள், பண்ணைத் தொழிலாளருக்கு நிதி திரட்டும் பொருட்டு நகரத்து நாடக மண்டபமொன்றில் அந்நாவலின் பெயராலேயே ஒரு கலை நிகழ்ச்சி நடந்தது. மேடைக்கு வந்த மெலிந்த மனிதர் நகரத்தாரைப் பொருட்படுத்தாதவர் போலப் பேசினார், பாடினார். அவையில் இருந்தவர்களுள் ஒருவர் அலன் லோமக்ஸ். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்த இளம் ஆய்வாளர் அவர். வாய்மொழி மரபு செத்துப்போகவில்லை, இதோ உயிரோடு நிற்கிறது என்று அவர் துள்ளாத குறையாக மகிழ்ந்தார். அம்மாதத்திலேயே கத்ரியை வோஷிங்டனுக்கு அழைத்து, பல மணி நேரம் பேசவும் பாடவும் வைத்து ஒலிப்பதிவு செய்தார். மின்குமிழும் சிகரெட்டும் பற்றிய செய்தி அப்பதிவிலேதான் உள்ளது. விக்டர் இசைத்தட்டுக் கம்பனியாரிடம் கத்ரியைப் பற்றி எடுத்துச் சொன்னவரும் அவரே.

ஏப்ரல் 26ஆம் நாள் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரத்திலிருந்த கம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்திலே பெரும்பாலான பாடல்கள் பதிவாயின. எஞ்சியவை மே மாதத் தொடக்கத்தில். பக்கவாத்தியம் என்று எதுவுமில்லை. ஒரு குரல், ஒரு கிற்றார், வாயருகே ஒரு ஹார்மோனிக்கா. அவ்வளவே.

'அல்பம்' என்னும் சொல்லை இக்காலத்தார் எளிதாக வழங்குகின்றனர். அன்று அது உண்மையாகவே ஒரு புத்தகம். புகைப்படங்களை ஒட்டி வைப்பது போன்ற தடித்த அட்டையுள், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளை உறைகளில் இட்டுக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு அடங்கும். கத்ரியின் பாடல்கள், தொகுப்புக்கு மூன்று தட்டுகளாக இரு தொகுப்புகளில், ஜூலை மாதத்தில் வெளிவந்தன. பன்னிரண்டு பக்கங்களிற் பதினொரு பாடல்கள். பதிவான பாடல்கள் பதின்மூன்று. இடம் போதாமையால் இரண்டு விடப்பட்டன. உடன் வந்த சிறு நூலுக்குரிய குறிப்புகளையும் கத்ரியே எழுதினார்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்னும் கணக்கை மீறியது 'ரொம் ஜோட்' என்னும் பாட்டு. ஸ்ரைன்பெக்கின் நாவலைத் திரைப்படமாக்கினார் ஜோன் ஃபோர்ட். அப்படத்தைக் கண்ட கத்ரி, கதை முழுவதையும் ஒரே இரவிற் பாட்டாக்கினார். பதினேழு அடிக்கூறுகள் கொண்ட அப்பாட்டு, தட்டின் இரு பக்கங்களையும் பிடித்துக்கொண்டது. அதற்கு அவர் எடுத்த மெட்டு 'ஜோன் ஹார்டி' என்னும் பழைய கொலைகாரன் பாட்டினுடையது. நூல் வாங்கவும் திரைப்படம் பார்க்கவும் காசில்லாத ஒக்லஹோமாக் குடியானவருக்கும் அக்கதை போய்ச் சேரவேண்டும் என்பதே அவர் நோக்கம். கதைப்பாடல் என்னும் வடிவம் தோன்றிய காலந்தொட்டு அதன் வேலை அதுவன்றோ. எனினும், தொகுப்பிலே மிகச் சிறந்த பாட்டு இதுவன்று. நாவலாசிரியரின் நிழல் அதில் நீளமாக விழுகிறது. தம் கண்ணாற் கண்டதைப் பாடும்போதே கத்ரி தம் முழு உயரத்துக்கு நிற்கிறார்.

அவ்வகையில் முதலிற் சொல்லத்தக்கது, தமக்கு வீடே இல்லை என்று ஒருவன் முறையிடும் பாட்டு. அக்காலத்துத் தேவாலயங்களிலும் கூடாரங்களிலும் பெரிதும் பாடப்பட்ட ஞானகீதம் ஒன்று உண்டு. இவ்வுலகம் நமது வீடன்று, நாம் வழிப்போக்கர், நமது இல்லம் மேலுலகில் உள்ளது என்பது அதன் கருத்து. கூடாரத்திற் பசியோடு கிடப்பவனுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. வாயை மூடிக் கிடக்கவும் வைத்தது. கத்ரி அந்த மெட்டைத் தழுவி, சொல்லைத் திருப்பினார். ஆம், எனக்கு இவ்வுலகில் வீடில்லைத்தான். ஏனெனில் பணக்காரன் எடுத்துக்கொண்டான் என்றார். மெட்டை அறிந்தவன் முதலடியிலே பக்தியோடு தலையசைப்பான்; மூன்றாம் அடியில் நிமிர்ந்து உட்காருவான். பழைய மெட்டுக்குப் புதுச் சொல் இடுவதை இலக்கியத் திருட்டு என்று கருதுவோர் உண்டு. இங்கே பழஞ்சொல் நினைவில் ஒலித்துக்கொண்டிருந்தாலன்றிப் புதுச்சொல்லுக்குப் பாதிப் பொருள் இல்லை.

அடுத்தது 'டோ ரே மீ'. நமது ச-ரி-க போன்றவை மேலைநாட்டாரின் டோ-ரே-மீ என்பதை நேயர்கள் அறிவர். 'டோ' என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பிசைந்த மா என்று பொருள். கொச்சையிலோ பணம் என்று பொருள். 1936ஆம் ஆண்டிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொலிஸ் தலைவர், தம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட மாநில எல்லைகளுக்கே ஆட்களை அனுப்பி, கையிற் காசில்லாமல் வந்தோரைத் திருப்பி விரட்டினார். ஒரே நாட்டுக்குள் ஒரு மாநிலத்தவர் மறு மாநிலத்துக்குள் நுழைய முடியாத நிலை. அதனைக் கத்ரி அழுதும் பாடவில்லை, வைதும் பாடவில்லை. கலிபோர்னியா பூந்தோட்டம்தான், ஆனால் 'டோ ரே மீ' இல்லாமல் வந்துவிடாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே புத்தி சொல்லுகிறார். ஏழை மக்களை மாநிலத்துக்குள் அழைத்து வருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை 1941ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. நீதிபதிகள் பாட்டைக் கேட்டார்களோ என்னவோ, தீர்ப்பும் பாட்டும் ஒரே பக்கத்தில் நின்றன.

சிரிப்பு இத்தொகுப்பு முழுவதிலும் உண்டு. புழுதிச் சளிச்சுரம் பற்றிய பாட்டிலே, இவ்விடத்திற் குரலைச் சுழற்றிப் பாடவேண்டும், ஆனால் நெஞ்செல்லாம் புழுதி அடைத்திருப்பதால் முடியவில்லை என்கிறார். குரலைச் சுழற்றிப் பாடிப் புகழ்பெற்று, காச நோயால் 1933இல் இறந்த ஜிம்மி ரொட்ஜர்ஸின் பாணியில் அமைந்த பாட்டு அது. கேட்டோருக்கு அந்தச் சிரிப்பின் அடியிலுள்ள கசப்பு விளங்காமற் போயிராது. பம்பாவில் விடைபெற்ற மக்களைப் பற்றிய பாட்டிலும், இருட்டில் வேதாகமத்தை வாசிக்க முடியாத போதகர் மூக்குக்கண்ணாடியை மடித்துவைத்துவிட்டுக் காணிக்கை திரட்டுகிறார். தாமே பட்ட துன்பத்தைப் பார்த்துச் சிரிப்பவனை இரக்கத்தால் இழிவுபடுத்த முடியாது. நகரத்தார் அந்நாளில் இம்மக்களை 'ஓக்கி' என்று இகழ்ந்தனர். பாடல்களைக் கேட்டவர்களோ இகழவும் முடியாமல், பரிதாபம் காட்டிவிட்டு நழுவவும் முடியாமல் நின்றனர்.

குறையொன்றும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவுக்குச் சென்றோரிற் பெரும்பாலோர் புழுதி நிலத்தவர் அல்லர் என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். ஒக்லஹோமாவின் கிழக்கிலும் ஆர்க்கன்சாஸிலும் பருத்திக் குத்தகை செய்து, விலை வீழ்ச்சியாலும் உழவு இயந்திரத்தாலும் வெளியேற்றப்பட்டவர்களே அதிகம். புழுதி மூடிய மாவட்டங்களிலோ பலர் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தனர். கத்ரியின் பாடல்கள் இருவரையும் ஒன்றாக்கிவிட்டன. நாட்டார் கதைக்கு அது இயல்பு. கணக்கு ஒருபுறம் இருக்க, இரு சாராரையும் துரத்தியது ஒரே கடன் பத்திரம் என்பதை அவர் பிழையின்றிக் கண்டிருந்தார்.

கிடந்தோரின் மண்ணைக் காக்க அரசாங்கமும் முயன்றது. கறுப்பு ஞாயிறு கழிந்து பதின்மூன்று நாட்களில் மண்காப்புச் சட்டம் நிறைவேறிற்று. உயரக்கோட்டை ஒட்டி உழும் முறையைக் கற்பித்தனர். புல்லை மீள விதைத்தனர். 1942ஆம் ஆண்டு வரையிற் காற்றைத் தடுக்க ஏறத்தாழ 22 கோடி மரங்களை நட்டனர். மழையும் திரும்பிற்று. போருக்குப் பின்னர் நிலத்தடியிலுள்ள ஒகல்லாலா என்னும் பெரும் நீர்ப்படையிலிருந்து ஆழ்கிணறுகளால் நீரிறைத்துப் பயிர் செய்யலாயினர். பல இடங்களில் அந்நீர் ஊறும் வேகத்தினும் இறைக்கும் வேகம் மிகுந்து, நீர்மட்டம் தாழ்ந்து வருகிறது. புல்லைப் பற்றி முன்பு எழாத கேள்வி இப்பொழுது நீரைப் பற்றி எழுந்திருக்கிறது.

கத்ரி தொடர்ந்து எழுதினார். 1941ஆம் ஆண்டில் கொலம்பியா நதியின் அணைக்கட்டுகளைப் பற்றி ஒரே மாதத்தில் 26 பாடல்களை எழுதினார். நாற்பதுகளின் இறுதியில் அவர் நடையிலும் பேச்சிலும் தடுமாற்றம் கண்டது. குடிப்பழக்கம் என்றனர் சிலர். 1952ஆம் ஆண்டிலே தாயாரைக் கொன்ற அதே நோய் என்று வைத்தியர் உறுதிசெய்தனர்.

முதல் தொகுப்பின் தட்டுகள் இதற்கிடையிற் கடைகளில் அருகிப்போயின. 1950ஆம் ஆண்டில் போக்வேய்ஸ் என்னும் சிறிய கம்பனி அப்பாடல்களை நெடுநேர இசைத்தட்டாக வெளியிட்டது. கல்லூரி மாணவரும் இளம் பாடகரும் கத்ரியைக் கண்டுகொள்ள அத்தட்டு பெரிதும் உதவிற்று. 1961ஆம் ஆண்டு தொடக்கத்தில், பொப் டிலன் என்னும் பெயரைச் சூடிக்கொண்ட பத்தொன்பது வயது இளைஞர் மினசோட்டாவிலிருந்து புறப்பட்டு வந்து, நோயாளியின் அருகிலிருந்து, அவருடைய பாடல்களையே அவருக்குப் பாடிக்காட்டினார்.

1964ஆம் ஆண்டிலே முதலில் வெளியிட்ட கம்பனியே தொகுப்பை மறுபடியும் பதிப்பித்தது. இடமில்லை என்று இருபத்துநான்கு ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்த இரு பாடல்களும் அதிற் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று பிரிற்றி போய் ஃபுளோய்ட் என்னும் வங்கிக் கொள்ளைக்காரனைப் பற்றியது. அவன் 1934ஆம் ஆண்டிற் சுட்டுக் கொல்லப்பட்டவன், உண்மையில் கொடியவன். ஆனால் ஒக்லஹோமாக் குடியானவர் வாயில் அவன், உணவளித்த ஏழையின் வீட்டில் யாருமறியாமற் பணம் வைத்துச் சென்ற வள்ளலாகியிருந்தான். அந்தக் கதையை எடுத்த கத்ரி, துப்பாக்கி ஏந்தியவனையும், துப்பாக்கியில்லாமல் ஒரு கையெழுத்தாலேயே குடும்பத்தை வீதிக்குத் துரத்துபவனையும் அருகருகே நிறுத்தினார். தாயார் சமையலறையிற் பாடிய பழங் கள்வர் பாட்டுகளின் வழியிலே வந்த பாட்டு அது. அத்தட்டு வெளிவந்தபோது கத்ரி புரூக்ளின் நகரத்து வைத்தியசாலையிற் கிடந்தார். கிற்றாரைப் பிடிக்கும் வலு அவர் கைகளுக்கு இல்லை. பேச்சும் அநேகமாக நின்றுபோயிருந்தது. 1967ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய சாம்பலை நியூயோர்க்கின் கோனித் தீவுக் கடலில் இட்டனர்.